மெத்தை வீட்டில் தாழ் போடுவதில்லை

"அக்கா, அங்க எதுக்குப் போனேன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

காவல் நிலையத்து வாசலில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்ற நேரத்தில் பட்டன் கேட்டாள். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் பாதி பாதியாகத்தான் வந்தன. காலரக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பட்டன் பெட்டி எடுக்கப் போனேன்னு சொல்லு. அலமாரிகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன், பின்னாடி வந்துட்டான்னு சொல்லு. மத்ததெல்லாம் நடந்தது நடந்தபடி சொல்லிடு."

பட்டன் தலையாட்டினாள். பெரியவர்கள் சொன்னால் தலையாட்டுகிற பெண் அவள். அதற்குப் பிறகு அந்தப் பதிலை மறுபடி வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடியாதா என்று காலரக்கா தவிக்காத நாளில்லை.

அந்தத் தையல் கூடத்தில் பெற்றவர்கள் வைத்த பெயரெல்லாம் வாசலோடு சரி. உள்ளே வந்தால் அவரவர் தைக்கும் பாகம்தான் பெயர். ஆஸ்பத்திரிக்காரர்களும் ஓட்டல்காரர்களும் போடுகிற சீருடைக் கோட்டு தைக்கும் இடம் அது. காலர் தைத்துத் தைத்தே நரை கண்டவள் காலரக்கா. அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து பாக்கெட் வைக்கிறவள் பாக்கெட். வரிசையின் கடைசியில் பட்டன். பள்ளிக்கூடம் முடித்து, வேறு எதற்கும் வழியில்லாமல் வந்து சேர்ந்தவள். மேற்பார்வை பார்த்தவனுக்கும் பெயர் உண்டு. ஆனால் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டு, வரிசை கொஞ்சம் தேங்கினாலும் காது கிழிய ஊதுகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? விசில்தான்.

வேலை நெருக்கும் காலத்தில் இரண்டு ஷிப்டைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். கண் சொருகும். அப்படிச் சொருகிய ஒருத்திக்கு நகத்தோடு சேர்த்து ஊசி இறங்கிய பிறகுதான் பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். துணிக் கிடங்கின் கடைக்கோடியில், நிமிர்த்தி வைத்த துணிச் சுருள்களுக்குப் பின்னால், வெட்டுத்துணி மூட்டைகளைப் பரப்பி ஒரு படுக்கை. அதற்கு மெத்தை வீடு என்று பெயர். முறை போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போய்க் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து வருவார்கள். போகிறவள் தன் துண்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் போவாள். பார்க்கிறவர்களுக்குக் கழிவறைக்குப் போயிருக்கிறாள் என்று தோன்றும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் அவள் பங்கையும் இழுத்து இழுத்துத் தைத்துவிடுவார்கள். அடுத்த முறைக்காரி போய் எழுப்புவாள்.

"நேத்து நீ விட்ட குறட்டையில மெஷின் கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக் எண்ணெய்க் கேனோட ஓடி வந்துட்டான்டி" என்று பாக்கெட் யாரையாவது சீண்டிக்கொண்டே இருப்பாள். வரிசை வாய்க்குள் சிரிக்கும்.

மெத்தை வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம். கிடங்குக் கதவுக்குத் தாழ் போடக் கூடாது. போட்டால் எழுப்ப வருகிறவள் தட்ட வேண்டும். தட்டினால் விசிலின் காதில் விழும்.

அதனால்தான் அன்றைக்குப் பட்டனை எழுப்பப் போய்க் கதவைத் தள்ளியபோது அது அசையாமல் நின்றதும் காலரக்காவுக்கு முதலில் வந்தது கோபம். புதுப்பெண், சொன்னதை மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். நகத்தால் கதவைச் சுரண்டி, "ஏய் பட்டன், எந்திரிடி" என்று கிசுகிசுத்தாள். உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்தவன் விசில். சட்டையை இடுப்புக்குள் சொருகிக்கொண்டே, "சரக்கு பாத்துட்டிருந்தேன். உனக்கென்ன இங்க வேலை?" என்று அவளையே அதட்டிவிட்டுப் போனான்.

சுருள்களுக்குப் பின்னால் பட்டன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. கையில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள். பார்த்தால் வெறும் வெட்டுத்துணி. காலரக்கா தன் துண்டை அவள் மேல் போர்த்தினாள்.

"வீட்டுக்குப் போயிடலாமாடி?"

"இல்லக்கா. போலீசுக்கு."

வரிசையில் யாரும் சத்தமாகப் பேசிக் கேட்டிராத பெண் அப்படிச் சொன்னாள். காலரக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவள் மனம் இரண்டு பக்கமும் இழுபட்டது. இவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். அதே சமயம் மெத்தை வீடு வெளியே தெரிந்தால் வரிசை மொத்தமும் நாளைக்கு வீட்டில் உட்கார வேண்டும். எதற்குப் போனால் என்ன, அவன் செய்தது செய்ததுதானே என்று நினைத்தாள். கோட்டின் உள்பக்கத்துத் தையல் வெளியே தெரியவா போகிறது? அவளும் தன் பங்குக்கு, காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் எடுக்கப் போனதாக எழுதிக் கொடுத்தாள். கதவு தாழிட்டிருந்ததையும் விசில் வெளியே வந்ததையும் மட்டும் உள்ளபடி சொன்னாள்.

பட்டனின் நாற்காலியில் அவள் துண்டு அப்படியே கிடந்தது. நாற்காலி தேவைப்படும் வரை யாரும் அதை எடுக்கவில்லை. விசிலைக் கம்பெனி வேறொரு கிளைக்கு மாற்றியது. புதிதாக வந்தவன் விசில் ஊதவில்லை, கை தட்டினான்.

வழக்கு நடுவர் கோர்ட், வாய்தா என்று ஊர்ந்து ஊர்ந்து விசாரணைக்கு வந்தபோது பட்டனின் உதட்டில் மெல்லிய வெள்ளைக் கோடுதான் மிச்சமிருந்தது. தன் முறை வரும்வரை சாட்சி உள்ளே உட்காரக் கூடாது என்றார்கள். காலரக்கா தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தாள். பட்டன் காலையில் உள்ளே போனவள், வெயில் பெஞ்சை விட்டு நகர்ந்த பிறகும் வரவில்லை. அவளுடைய அம்மாதான் முதலில் வெளியே வந்தாள். ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவள். தேய்ந்து வெளுத்த விரல்களால் வாயைப் பொத்தியபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பட்டன் பெட்டி அந்த ரூம்லயே இருக்காதாமே? காலையிலயே மேஜைக்கு வந்துடுமாமே? அவனோட வக்கீல் கேட்டான். இவ முழிச்சா. திருப்பித் திருப்பிக் கேட்டான். கடைசியில தூங்கத்தான் போனேன்னுட்டா."

காலரக்கா பெஞ்சில் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்ப நின்னுக்கிட்டிருந்தேன்னு சொன்னது என்னன்னான். படுத்திருந்தேன்னா. இப்படி ஒண்ணு நடந்தவளுக்கு நின்னோமா படுத்தோமான்னுகூட மறந்துபோகுமான்னு கேக்குறான். ஆளுங்க சிரிக்கிறாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் கத்தலைன்னான். அதுக்கு இவ சொன்னதை நானே இன்னைக்குத்தான் கேக்கறேன். 'கத்துடி, எல்லாரும் வரட்டும், நீங்க எங்க படுக்கறீங்கன்னு மொதலாளியும் வந்து பாக்கட்டும், நாளைக்கு ஒருத்திக்கும் வேலை இருக்காது'ன்னானாம். அதனால வாயை மூடிக்கிட்டிருந்தாளாம். இதை ஏன் போலீசுல சொல்லலை, இன்னைக்குப் புதுசா ஜோடிக்கிறியான்னு அந்த வக்கீல் கேட்டான். அதுக்கு இவ பதிலே சொல்லலைம்மா."

அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? மெத்தை வீடே இல்லாத வாக்குமூலத்தில் அந்த மிரட்டலை எங்கே வைப்பது? விசிலுக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தெரியாதவன் போல ஊதிக்கொண்டு திரிந்திருக்கிறான். அவனுக்கு ஒரு நாள் உதவும் என்று விட்டுவைத்திருக்கிறான். பட்டன் வரிசைக்காக வாயை மூடினாள். காலரக்காவும் வரிசைக்காகத்தான் அவள் வாயில் ஒரு பொய்யை வைத்தாள். இரண்டும் சேர்ந்து அவள் கழுத்தை நெரிக்கின்றன.

அரசு வக்கீல் ஒரு பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாயங்காலம் காலரக்காவைத் தனியே அழைத்தார்.

"நாளைக்கு நீங்க. என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தரக் கூடாது. நடந்ததைச் சொல்லுங்க."

"முன்னாடி எழுதிக் கொடுத்ததுக்கு மாறா இருந்தா?"

வக்கீல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டை நீலமா பச்சையா, மணி என்ன, இப்படியெல்லாம் முன்னப்பின்ன இருந்தா நீதிபதி பெருசா எடுக்க மாட்டார். மனுஷங்க மறப்பாங்க. சொல்லப்போனா எல்லாரும் அச்சடிச்ச மாதிரி ஒரே பாட்டைப் பாடினாத்தான் சந்தேகம் வரும். ஆனா எங்க இருந்தா, எப்படி இருந்தா, ஏன் கத்தலை, இதெல்லாம் வழக்கோட முதுகெலும்பு. அதுல மாறினா ஏன் மாறுச்சுன்னு யாராவது சொல்லியாகணும். அதுவும் நம்பற மாதிரி."

"சொன்னா நானும் பொய்க்காரி ஆயிடுவேனேம்மா."

"ஆவீங்க. அதுக்கப்புறம் எதுக்காகப் பொய் சொன்னீங்கன்னு நீதிபதி யோசிப்பார்." கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "யோசிப்பார்னு நம்பறேன்."

அன்று இருட்டிய பிறகு பாக்கெட் காலரக்காவின் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. காலரக்கா அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாளை மறுநாள். நீ போய் மெத்தை வீட்டை உடைக்கப்போறியாக்கா?"

"உடைக்காம எப்படிடி? தாழ்ப்பாளை பட்டன்தான் போட்டான்னு சொல்லிட்டிருக்கான் விசிலோட வக்கீல். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் போனாங்களாம், நான் போய்ப் பாத்துட்டதால இவ கதையை மாத்திட்டாளாம். அங்க தூங்கப் போறவ தாழ் போட மாட்டான்னு நம்மளை விட்டா யாருக்குத் தெரியும்?"

"எம்புருஷன் இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையா கிடக்கறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவ கத்தாம இருந்தது உனக்கும் சேர்த்துத்தான்டி."

"அவளை யாரு கத்தாம இருக்கச் சொன்னது?"

சொன்னவுடனே பாக்கெட் தன் வாயைத் தானே அடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "நீ பெரியவ. பாத்துச் செய்யி" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கூண்டில் நின்றபோது காலரக்காவின் கை தானாகவே மரச்சட்டத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தது, பிசிறு இருக்கிறதா என்று. பழக்க தோஷம். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் மெத்தை வீடு, முறை, துண்டு, தாழ் என்று ஒன்று விடாமல் சொன்னாள். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். அதட்டும் ஆள் என்று எதிர்பார்த்தாள். அவரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி போலப் பேசினார்.

"உட்காரணும்னா உட்காருங்கம்மா. போலீசுல கேன்வாஸ் எடுக்கப் போனேன்னு சொன்னீங்க. இன்னைக்கு எழுப்பப் போனேன்றீங்க. எந்த நாள்ல சொன்னது பொய்?"

"அன்னைக்குச் சொன்னது."

"அந்தப் பொண்ணும் அன்னைக்குச் சொன்னது பொய்?"

"எதுக்குப் போனா, எங்க இருந்தாங்கறது மட்டும். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"ஓ, நீங்க சொல்லிக் கொடுத்தீங்க." அவர் அந்த வாக்கியத்தை நீதிபதியின் மேஜையில் கொண்டுபோய் வைப்பது போல நிறுத்தினார். "சொல்லிக் கொடுத்தா அப்படியே சொல்ற பொண்ணு. சரி. நேத்து அந்தப் பொண்ணு உள்ள என்ன சொல்லிச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு சொல்தான். ஆனால் இந்த வழக்கில் சின்னப் பொய் என்று ஒன்று கிடையாது என்பதை அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

"தெரியும். அவங்கம்மா சொன்னாங்க."

வக்கீல் சந்தோஷத்தை மறைக்கவே இல்லை. "அதைக் கேட்டுட்டு இன்னைக்கு நீங்களும் அதே மெத்தை வீட்டைக் கொண்டு வர்றீங்க."

"அது இருந்துச்சுங்க! இப்பவும் போய்ப் பாருங்க."

"போய்ப் பார்த்தாச்சு. அந்த மூலையில இப்ப அலமாரி இருக்கு. மூட்டையும் இல்லை, மெத்தையும் இல்லை."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். வயதானவர். அவர் குரலில் ஏளனம் இல்லை.

"ஏம்மா, தாழ் போடாம தூங்க பயமா இருக்காதா?"

"இருக்குங்க ஐயா. போட்டா எழுப்ப வர்றவ தட்டணும், தட்டினா மாட்டிக்குவோம். அந்தப் பயம்தான் பெருசா இருந்துச்சு."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். அவர் பேனா நகர்ந்த விதத்தைப் பார்த்துக் காலரக்காவுக்கு உயிர் திரும்பியது.

"இப்படி ஒரு ஏற்பாடு இருந்துச்சுன்னு வேற யார் சொல்லுவாங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"எம் பக்கத்துல உட்கார்றவ சொல்லுவா. பாக்கெட் வைக்கிறவ. என் கூடப் பிறக்காத தங்கச்சி அவ. அவளைக் கேளுங்க."

அடுத்த நாள் பாக்கெட் கூண்டில் ஏறினாள். தன் சாட்சி முடிந்துவிட்டதால் காலரக்கா உள்ளே உட்காரலாம். உட்கார்ந்தாள். முன் பெஞ்சில் பட்டனும் அவள் அம்மாவும். எதிர் வரிசையில் விசில். இப்போது கழுத்தில் விசில் இல்லை, டை கட்டியிருந்தான். பின்னால் கம்பெனி அனுப்பிய ஆள் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

பாக்கெட் காலரக்காவைப் பார்க்கவில்லை. சுவரில் சாயம் உரிந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்படி ஒரு வழக்கம் கிடையாதுங்க. வேலை நேரத்துல நாங்க தூங்க மாட்டோம்."

"மெத்தை வீடுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?" அரசு வக்கீலின் குரல் உயர்ந்தது.

"இல்லைங்க."

"அந்தப் பொண்ணோட துண்டு நாற்காலியில கிடந்ததா?"

"கவனிக்கலைங்க."

குறட்டையைப் பற்றி அத்தனை நகைச்சுவை பேசிய வாயா இது என்று காலரக்கா பார்த்தாள். ஆனால் கோபம் வர மறுத்தது. காவல் நிலையத்து வாசலில் தான் பட்டனிடம் சொன்னதும் இதே குரலில்தான் இருந்திருக்கும். அன்றைக்கு மெத்தை வீடு உண்டா என்று யாராவது கேட்டிருந்தால் காலரக்காவும் இல்லைங்க என்றுதான் சொல்லியிருப்பாள்.

தீர்ப்பு நாளில் நீதிபதி பொறுமையாகப் படித்தார். காலரக்காவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இப்படிப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தியின் சாட்சியமே போதும், அதற்கு வேறு முட்டுக் கொடுக்கத் தேவையில்லை என்று படித்தார். வேலை போய்விடும் என்ற அச்சத்தில் சொல்லப்பட்ட ஒரு பொய், அதற்காகவே மற்ற எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடாது என்று படித்தார். பட்டனின் அம்மா மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனால்" என்று நீதிபதி பக்கத்தைத் திருப்பினார்.

அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்று நம்ப முடிந்தால் தாழ்ப்பாளும் விளங்கும், கத்தாமல் இருந்ததும் விளங்கும். அதைச் சொல்பவரோ முதலில் பொய் சொல்லிக் கொடுத்தவர், மற்ற சாட்சி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவர். அதே வரிசையில் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்பவர் அதை மறுக்கிறார். மிரட்டல் முதல் வாக்குமூலத்தில் இல்லை. உதட்டுக் காயம் கீழே விழுந்தாலும் வரக்கூடும் என்று மருத்துவர் ஒப்புக்கொள்கிறார். இந்த நிலையில் சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. விடுதலை.

விசில் எழுந்து தன் வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கினான். யாரோ முதுகில் தட்டினார்கள். கம்பெனி ஆள் அதற்குள் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

தாழ்வாரத்தில் பட்டனின் அம்மா அரசு வக்கீலை மறித்துக்கொண்டாள்.

"அப்ப ஜட்ஜ் ஐயா எம் பொண்ணை நம்பலையா?"

"நம்பலைன்னு சொல்லலைம்மா. நம்பி ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பப் போதாதுன்னு சொல்றார்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வித்தியாசமும் இல்லைம்மா. ரெண்டுலயும் அவன் வீட்டுக்குப் போறான்." பிறகு மேல்முறையீடு பற்றி ஏதோ தொடங்கினார். முடிக்கவில்லை. அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

காலரக்கா படிக்கட்டின் ஓரத்தில் நின்றாள். சாட்சி சொன்ன வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதை அவள் பட்டனிடம் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. வேறு என்னென்னவோ சொல்வதற்கு ராத்திரியெல்லாம் கோத்து வைத்திருந்தாள். பட்டனும் அம்மாவும் கிட்டே வந்ததும் எல்லாம் அறுந்துவிட்டது.

அம்மாதான் பேசினாள். கத்தவில்லை. களைத்துப்போன குரலில், "அன்னைக்கே உள்ளதைச் சொல்ல விட்டிருந்தா என்னம்மா? உங்களைப் பெரியவங்கன்னு நம்பித்தானே வந்தா?" என்று கேட்டாள்.

காலரக்கா அதற்குத் தலை குனிந்தாள். பிறகு பட்டனின் கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்தி மரத்த விரல் நுனிகள் இப்போது மறுபடி மென்மையாகியிருந்தன. எத்தனையோ நாளாக அவள் ஊசியைத் தொடவில்லை.

"ஏதாவது சொல்லுடி. நாலு வார்த்தை திட்டிட்டாவது போ."

பட்டன் அவளைப் பார்த்தாள். உதட்டிலிருந்த வெள்ளைக் கோடு லேசாக அசைந்தது. ஏதோ கேட்கப்போகிறாள் என்றுதான் காலரக்கா நினைத்தாள். என்ன கேட்டாலும் இந்த முறை அவசரப்படாமல், யோசித்து, உண்மையான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று காத்து நின்றாள்.

பட்டன் தன் கையை மெதுவாக, இழுக்காமல், விடுவித்துக்கொண்டாள். அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, படிகளில் இறங்கினாள். வெயிலில் நிற்கிற கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, சாலையின் மறுபக்கம் போனாள்.